கேள்வி கேக்காத வேலைக்காரன்

கம்ப்யூட்டருக்குப் புரியுற மாதிரி குறிப்பு எழுதணுமாம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்துல மென்பொருள் வேலை பாக்குற பிள்ளைங்க எல்லாம் இப்போ இதே கவலையாத்தான் திரியுதுங்க. இத்தனை வருஷமா மனுஷனுக்கே புரியாத மாதிரி எழுதிப் பழகின கை, சட்டுன்னு திரும்புமா? பாவம், விரல் சுளுக்கிக்காம பாத்துக்கங்க.

நான் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துல பொறந்து, தோட்டம் வீடமைப்புத் திட்டம் ஆனப்புறம் பட்டணத்துக்கு வந்து சேந்த கிழவன். புரோகிராம் எழுதுற வித்தை எனக்குத் தெரியாது. ஆனா பேரப்பிள்ளைங்க லேப்டாப்பைத் திறந்தபடி போட்டுட்டுப் பசியாறப் போயிடுதுங்க. திறந்து கிடக்குறதைப் படிக்கிறது ஒரு குத்தமா? படிச்சேன். ஒரு டூலோட பேரு 'அப்டேட் ஸ்டேட்டஸ்'. அதுக்கு விளக்கம்: 'ஸ்டேட்டஸை அப்டேட் செய்யும்'. ஆகா! எதோட ஸ்டேட்டஸ், எதுலேருந்து எதுக்கு மாத்தலாம், மாத்தினா யாருக்குக் கடிதம் போகும், திரும்ப மாத்த முடியுமா, ஒண்ணும் கிடையாது. எழுதினவருக்கு மாசாமாசம் சம்பளம் உண்டுதானேப்பா?

பேரன் சொன்னதை வெச்சு எனக்குப் புரிஞ்சது இதுதான். 2023 ஜூன்ல ஓப்பன்ஏஐ கம்பெனி, மொழி மாடலே வெளியில இருக்கிற டூல்களைக் கூப்பிடுறதுக்கு ஒரு வழி செஞ்சுது. 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் கம்பெனி, எல்லா டூலையும் ஒரே முறையில கோக்கிறதுக்கு எம்சிபி-ன்னு ஒரு பொது நெறியை வெளியிட்டுச்சு. இப்படி டூலை எடுத்துத் தானா வேலை பாக்குற மாடலைத்தான் ஏஜென்ட்டுங்கிறாங்க. ஒரு டூலைப் பத்தி அதோட கண்ணுக்குத் தெரியுறது முக்கியமா மூணே சங்கதி: பேரு, விளக்கம், என்னென்ன ஃபீல்டு எந்த வடிவத்துல வேணும்ங்கிற படிவம். அவ்வளவுதான். உள்ளே நீங்க எழுதி வெச்ச புரோகிராம் கோடு அதுக்குத் தெரியாது. உங்க ஆபீஸ் வெள்ளைப் பலகை தெரியாது. வாட்ஸ்அப் குழுவுல போன வருஷம் நீங்க போட்டுக்கிட்ட சண்டையும் தெரியாது.

புதுசா வேலைக்குச் சேர்ந்த பிள்ளைன்னா, ஒட்டுக்கடையில தே தாரேக் வாங்கிக் கொடுத்து, "அண்ணே, அந்த மூணாவது ஃபீல்டுல என்ன போடுறது?"ன்னு கேட்டுடும். இந்த ஏஜென்ட் தே தாரேக் குடிக்க வராது. தெரியாததைப் பெரும்பாலும் கேக்காது. தானே ஒண்ணை ஊகிச்சு, தைரியமாப் போட்டு, "வேலை முடிஞ்சுது ஐயா"ன்னு மரியாதையா வந்து சொல்லும். உங்க கம்பெனியில இத்தனை காலம் குறிப்பு இல்லாமலே வண்டி ஓடினதுக்குக் காரணம் உங்க திறமைன்னு நினைச்சுக்கிட்டிருந்தீங்க. அந்த அண்ணனோட பொறுமைப்பா அது. அவரு வேலையை விட்டுப் போன அன்னிக்கே உங்க டாக்குமென்டேஷனும் கையெழுத்துப் போட்டுட்டு வெளியே போயிடுச்சு.

இதே சங்கதியை நாங்க தோட்டத்துல பாத்திருக்கோம். கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுறதுன்னா சும்மா கத்தியை இழுக்கிறது இல்லை. வெட்டுக்கோடு இடது பக்கம் உசந்து வலது பக்கம் சரியணும், சாய்வு 30 டிகிரிக்குக் கிட்ட இருக்கணும். ஏன்னா பட்டைக்குள்ள ஓடுற பால்குழாய் செங்குத்தா நிக்காம, வலது பக்கம் லேசா சாஞ்சு ஏறும். எதிர்ச் சாய்வுல வெட்டினாத்தான் நிறைய குழாய் அறுபட்டுப் பால் நிறைய வரும். ஆழம், கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கையிலேயே நின்னுடணும். தாண்டினா மரத்துக்குக் காயம். அந்த இடத்துல பட்டை முண்டும் முடிச்சுமா வளரும், அடுத்த சுத்துல அங்க கத்தி இறங்காது. பட்டை ஈரமா இருந்தா வெட்டக் கூடாது. துரைமாரும் ஆராய்ச்சிக்காரங்களும் இதுக்கு ஒரு குறியீடே வெச்சிருந்தாங்க: 'எஸ்/2 டி/2'. மரத்தைச் சுத்தி அரைவட்டம், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. 1925-ல தொடங்கின மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோவுல சோதனைத் தோட்டம் போட்டு வருஷக்கணக்கா வெட்டி, அளந்து, எழுதி வெச்ச சங்கதிங்க இதெல்லாம்.

இப்போ கப்பல்லேருந்து நேத்து இறங்கின ஆளுக்கிட்ட, "பட்டையை வெட்டு"ன்னு மட்டும் சொல்லி அனுப்பினா? வெட்டுவான். நல்லாவே வெட்டுவான். கட்டை தெரியுற வரைக்கும் வெட்டுவான். மரம் பாழானா அது அவன் குத்தமா, அனுப்பின மண்டோர் குத்தமா? தோட்டத்துல அவன் கூலியைத்தான் பிடிச்சாங்க, அது வேற கதை. இப்போ நீங்களும் அதைத்தான் செய்யுறீங்க. ஏஜென்ட் தப்புப் பண்ணினா, "இந்த மாடல் சரியில்லை, வேற மாடல் போடணும்"னு சத்தம் போடுறீங்க. நீங்க எழுதிக் கொடுத்த ரெண்டு வார்த்தையை ஒரு தடவை திருப்பிப் பாக்குறதுக்கு யாருக்கும் நேரம் இல்லை.

சரி, உங்க ஊரு சரக்குக்கே வருவோம். இ-இன்வாய்ஸ், அதாவது வருமான வரி வாரியத்துத் தளம் வழியா போடுற மின்னணு பில். 2024 ஆகஸ்ட் 1-ல பெரிய முதலாளிங்களுக்கு, அதாவது வருஷம் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல வியாபாரம் பண்றவங்களுக்கு ஆரம்பிச்சாங்க. 2025 ஜனவரி, 2025 ஜூலை, 2026 ஜனவரின்னு படிப்படியா கீழே இறங்கிச்சு. வருமான வரி வாரியம், இந்த பில்லெல்லாம் போற மைஇன்வாய்ஸ் தளத்துக்கு விளக்கத்தையும் எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிலேயே வெச்சிருக்கு. ஒரு தடவை அனுப்பினா அதிகபட்சம் 100 பில், மொத்தம் 5 எம்பி, ஒரு பில் 300 கேபி. எந்த எண்ணு எந்த மாநிலம்னு பட்டியல், எந்தத் தப்புக்கு என்ன எரர்னு பட்டியல். படிச்சா தூக்கம் வரும், உண்மைதான். ஆனா அளவு எழுதியிருக்கு பாருங்க, அங்கதான் மரியாதை. 'அதிகமாக அனுப்ப வேண்டாம்'னு எழுதினா ஏஜென்ட்டுக்கு அதிகம்னா எவ்வளவுன்னு தெரியுமா? உங்களுக்கே தெரியாது.

கூத்து எங்கன்னா, இந்தத் தளத்துக்கு மேல நம்ம பிள்ளைங்க கட்டுற டூல்லதான். தெங்கு கெலானா சாலைத் துணிக்கடைக்கு ஒரு டூல், துன் சம்பந்தன் சாலை வாழையிலைச் சாப்பாட்டுக்கடைக்கு ஒரு டூல். கடைக்காரரு தமிழும் மலாயும் கலந்து சொன்னா, ஏஜென்ட் பில்லை அனுப்பிடுமாம். நல்ல விஷயம்தான். டூலுக்குள்ள பாத்தா பேருக்கு ரெண்டு ஃபீல்டு: 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்'. உதாரணத்துக்கு 'ஜான் ஸ்மித்'. ஏம்ப்பா, கிள்ளான்ல எத்தனை ஜான் ஸ்மித் வேட்டி எடுக்க வர்றாரு?

நம்ம ஆளுங்க ஐசியில, அதாவது அடையாள அட்டையில, குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது. தன் பேரு, நடுவுல ஆனாக் லெலாக்கியோ ஆனாக் பெரம்புவானோ, சுருக்கமா ஏ/எல், ஏ/பி, அப்புறம் அப்பா பேரு. நடுவுல ஒரு சாய்கோடு நிக்குது பாருங்க, அந்தக் கோடு கம்ப்யூட்டர் உலகத்துல ஃபோல்டரைப் பிரிக்கிற கோடு. பேரை அப்படியே ஃபைல் பேரா வெச்சா 'ஏ' வரைக்கும் ஒரு ஃபோல்டர்ல குடியேறும், 'எல்' அடுத்த வீட்டுக்குப் போயிடும். விளக்கத்துல ஒண்ணும் சொல்லலைன்னா ஏஜென்ட் என்ன பண்ணும்? அது படிச்சு வளந்ததுல ரொம்பவே இங்கிலீஷ் எழுத்துதான். அப்பா பேரைக் குடும்பப் பேருன்னு போட்டு, பெத்த அப்பனையும் பிள்ளையையும் ஒரே பேருல கூப்பிட்டுடும். பக்கத்துக் கடை மலாய்க்காரருக்கு 'பின்', அவரு மகளுக்கு 'பிந்தி'. எதிர்க்கடை சீனருக்குக் குடும்பப் பேரு முன்னாடி வரும். ஒரே தெருவுல இத்தனை வழக்கம். 'ஐசியில் உள்ளபடி முழுப் பெயர், ஒரே வரியில், சாய்கோடு உட்பட. பிரிக்க வேண்டாம்'னு ஒரு வரி எழுதி, உதாரணத்துல நம்ம பேரு ஒண்ணு, மலாய்ப் பேரு ஒண்ணு, சீனப் பேரு ஒண்ணு போட்டா என்ன, கீபோர்டு தேஞ்சா போயிடும்?

ஐசி எண்ணு மட்டும் லேசா? 12 இலக்கம். முதல் ஆறு பொறந்த தேதி, அடுத்த ரெண்டு பொறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றைன்னா ஆணு, இரட்டைன்னா பொண்ணு. இதை 'நம்பர்'னு படிவத்துல வகைப்படுத்தி வெச்சிருக்காரு ஒரு புத்திசாலி. 2005-ல பொறந்த பிள்ளையோட ஐசி 05-ல ஆரம்பிக்கும். நம்பருன்னு எடுத்துக்கிட்டா முன்னால நிக்கிற பூஜ்யம் உதிர்ந்து 11 இலக்கமாப் போயிடும். இருபது வயசுப் பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்த அடையாளத்துல ஒரு துண்டைக் கடிச்சுத் தின்னுட்டு, 'இன்வேலிட் இன்புட்'னு அதையே திட்டுது உங்க டூல். 'எழுத்துத்தொடர், சரியாக 12 இலக்கம், இடையில் கோடு வேண்டாம்'. இவ்வளவுதானே எழுதணும்?

நேரக் கணக்கைக் கேட்டா இன்னும் சிரிப்பு. மைஇன்வாய்ஸுக்கு பில் போட்ட நேரத்தை யுடிசி-ல கொடுக்கணும், அதாவது உலகப் பொது நேரத்துல. நம்ம கடிகாரம் அதுக்கு 8 மணி நேரம் முன்னாடி. காலையில ஏழு மணிக்கு ரெண்டு தோசையும் ஒரு கோப்பியும் வித்த பில், யுடிசி-ல முந்தின நாள் ராத்திரி 11 மணி. ஜனவரி 1-ந் தேதின்னா போன வருஷத்துத் தோசை! 'நேரம்'னு மட்டும் ஃபீல்டு வெச்சா ஏஜென்ட் கடைச் சுவத்துக் கடிகாரத்தைப் பாத்துத்தான் போடும். நாங்க நேரம் மாறினதையே நேரில பாத்தவங்க. முந்தி தீபகற்பத்துல நம்ம நேரம் யுடிசி-க்கு ஏழரை மணி நேரம்தான் முன்னாடி. 1982 ஜனவரி 1-லேருந்து அரை மணி முன்னால தள்ளி வெச்சு, சபா சரவாக்கோட சேத்துட்டாங்க. கடிகாரத்துக்கெல்லாம் சொன்னாங்க, சேவலுக்குத்தான் யாரும் சொல்லலை. தோட்டத்துல விடியக்காலை ஆளெடுக்கிற பெரட்டு இன்னும் அரை மணி இருட்டுல நடந்துச்சு.

இன்னொண்ணு, மாநிலம். மைஇன்வாய்ஸ் பட்டியல்ல சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14. 1974 பிப்ரவரி 1-ல கோலாலம்பூரைச் சிலாங்கூர்லேருந்து பிரிச்சுக் கூட்டரசுப் பிரதேசம் ஆக்கினாங்க; அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. ஆனா பூச்சோங்குல இருக்கிறவன் ஊருக்குப் போனா "கேஎல்ல இருக்கேன்"னுதான் சொல்றான். பெட்டாலிங் ஜெயாக்காரனும் அதே. ஏஜென்ட்டுக்கிட்டயும் அப்படித்தான் சொல்வான். அது 14-ன்னு போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கும். 'அஞ்சல் குறியீட்டை வைத்து மாநிலத்தை எடு, வாடிக்கையாளர் சொல்வதை வைத்து அல்ல'ன்னு எழுதுறவன்தான் இந்த ஊருல வாழ்ந்தவன்.

இதெல்லாம் சில்லறைத் தப்பு, திருத்திக்கலாம். திருத்த முடியாத இடம் ஒண்ணு இருக்கு, அங்கதான் உங்க சோம்பேறித்தனம் காசைத் தின்னும். சரிபார்த்து முடிஞ்ச இ-இன்வாய்ஸை 72 மணி நேரத்துக்குள்ளதான் ரத்து செய்யலாம். அதுக்கு மேல போனா ரத்து கிடையாது. கிரெடிட் நோட்டு மாதிரி வேற ஒரு காகிதம் போட்டுத்தான் சரிக்கட்டணும். நான் பாத்த டூல்ல 'கேன்சல் இன்வாய்ஸ்'னு இருந்துச்சு. விளக்கம்: 'இன்வாய்ஸை கேன்சல் செய்யும்'. 'அப்டேட் ஸ்டேட்டஸ்' எழுதின ஆளுதான் இதையும் எழுதியிருக்கணும், கைவண்ணம் தெரியுது. நாலாவது நாளு கடைக்காரரு ரத்து செய்யச் சொல்றாரு. ஏஜென்ட் டூலைக் கூப்பிடுது. 'எரர் 400'ன்னு பதில் வருது. காரணம் இல்லை, வழி இல்லை. அது என்ன நினைக்கும்? இன்னொரு தடவை பாப்போம். பாக்குது. இன்னொரு தடவை. விடியவிடிய கதவைத் தட்டிக்கிட்டே இருக்கு. கூலி உங்க கணக்குலதான் ஏறுது. ஒவ்வொரு தட்டுக்கும், மாடல் படிக்கிற எழுதுற அளவுக்கு டோக்கன் காசு.

எரர் செய்தியும் டாக்குமென்டேஷன்தான்பா. மனுஷனுக்கு அது வயித்தெரிச்சல். ஏஜென்ட்டுக்கு அதுதான் அடுத்த கட்டளை. '72 மணி நேரம் கடந்துவிட்டது. ரத்து செய்ய முடியாது. மறுபடி முயல வேண்டாம். கிரெடிட் நோட்டு டூலைப் பயன்படுத்து. அதற்கு முன் கடைக்காரரிடம் கேள்.' அஞ்சு சின்ன வாக்கியத்துல வேலை முடிஞ்சுது. எம்சிபி நெறியிலயே 2025 மார்ச் பதிப்புலேருந்து இன்னொரு வகை எச்சரிக்கைக்கும் இடம் வெச்சிருக்காங்க: இந்த டூல் படிக்க மட்டும்தானா, எதையாவது அழிக்குமா, ரெண்டு தடவை கூப்பிட்டா ரெண்டு தடவை நடக்குமான்னு குறிச்சு வெக்கலாம். அந்த மூணாவது கேள்வி லேசுப்பட்டது இல்லை. பணம் கட்டுற டூல் பதில் சொல்லத் தாமதமானா, ஏஜென்ட் மறுபடி கூப்பிடும்; ஒரே வாடகையை ரெண்டு தடவை கட்டிட்டு வந்து நிக்கும். வீட்டுக்காரரு மட்டும் சந்தோஷமா இருப்பாரு.

இதைப் படிச்சிட்டு ஒருத்தரு மகாபாரதம் எழுத உக்காருவாரு, எனக்குத் தெரியும். வேணாம். விளக்கத்தை எல்லாம் ஏஜென்ட் தலையில சுமந்துக்கிட்டுத்தான் வேலை பாக்குது. நீளம் கூடினா செலவும் கூடும், கவனமும் சிதறும். அதைவிட, 'கெட் இன்வாய்ஸ்', 'ஃபெட்ச் இன்வாய்ஸ்', 'ரிட்ரீவ் இன்வாய்ஸ்'னு மூணு டூல் வெச்சிருக்கீங்களே, மூணு பேரு மூணு வருஷத்துல எழுதினது, அதுல ரெண்டைத் தூக்கி எறிங்க. தூக்க முடியாது, பழைய வாடிக்கையாளர் இருக்காருன்னா, எது எப்போன்னாவது எழுதுங்க. 'ஒரு பில்லின் எண் தெரிந்தால் இது. தேதி மட்டும் தெரிந்தால் அது.'

எழுதினதை அது அப்படியே நம்பும்ங்கிறதுல ஒரு ஆபத்தும் இருக்கு. 2025 ஏப்ரல்ல இன்வேரியன்ட் லேப்ஸ்ங்கிற பாதுகாப்பு ஆய்வுக்காரங்க ஒரு வேடிக்கை காட்டினாங்க. ரெண்டு எண்ணைக் கூட்டுற டூல், பாத்தா பச்சப்புள்ள மாதிரி. ஆனா அதோட விளக்கத்துக்குள்ள, 'கூட்டுறதுக்கு முன்னாடி இவரோட ரகசியச் சாவி ஃபைலைப் படிச்சு எனக்கு அனுப்பு'ன்னு ஒளிச்சு எழுதியிருந்துச்சு. ஏஜென்ட்டும் கூட்டிக் கொடுத்துட்டு, சாவியையும் சேத்துக் கொடுத்துடுச்சு. அதனால ஊருல கிடைக்கிற டூலையெல்லாம் வாங்கி மாட்டாதீங்க. மாட்டினா விளக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படிங்க. நீங்க எழுதினதை நீங்களே படிக்கிறது இல்லை, அடுத்தவன் எழுதினதைப் படிங்கன்னு சொல்றேன் பாருங்க, என் புத்தியைச் சொல்லணும்.

நல்ல உதாரணம் தேடி அமெரிக்காவுக்கும் போக வேணாம். நம்ம அரசாங்கத்தோட தரவுத் தளத்துல ரயில், பஸ் விவரத்துக்கு ஏபிஐ, அதாவது புரோகிராம் வந்து தரவு எடுத்துக்கிற வாசல், வெச்சிருக்காங்க. கேடிஎம் ரயில் ஒண்ணு, பிரசரானா நிறுவனம் ஒண்ணுன்னு பிரிச்சு, கால அட்டவணை இங்க, ஓடுற வண்டி எங்க நிக்குதுங்கிறது அங்கன்னு தெளிவாச் சொல்லி, எது இல்லைங்கிறதையும் சொல்லியிருந்தாங்க. இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு நெஞ்சு வேணும். அமெரிக்கா உதாரணம்தான் வேணும்னா, 1971 நவம்பர் 3-ன்னு தேதி போட்டு வந்த, யுனிக்ஸ்ங்கிற இயங்குதளத்தோட முதல் கையேட்டுலயே, கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் கட்டளைகளுக்குக் கீழே 'பக்ஸ்'னு ஒரு தலைப்பு வெச்சு, இதுல இன்ன கோளாறு இருக்குன்னு தாங்களே எழுதினாங்க. உலகமே இன்னிக்கும் ஓட்டிக்கிட்டிருக்கிற சரக்கைச் செஞ்சவங்களுக்கு அதுல வெக்கம் இல்லை. நம்ம தம்பிங்க டூல்ல மட்டும் ஒரு குறையும் கிடையாது, எழுதிப் பாருங்களேன் ஒரு வரி, குறைன்னு.

போகட்டும். நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரு வேலை செய்ங்க. உங்க டூல்லயே அதிகமா அடி வாங்குற ஒண்ணை எடுத்து, அதோட விளக்கத்தை மட்டும், புரோகிராம் கோடு இல்லாம, உங்க வாயால எந்த வியாக்கியானமும் சொல்லாம, ஆபீஸ்ல கணக்குப் பாக்குற அக்காக்கிட்ட படிக்கக் கொடுங்க. "இதை வெச்சு நேத்தைய பில்லை ரத்து பண்ணுங்கக்கா"ன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. அவங்க கேக்குற ஒவ்வொரு கேள்வியும் நீங்க எழுதாம விட்ட ஒரு வரி. எழுதிட்டு, அவங்களுக்கு ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுங்க. காசு கம்பெனிக் கணக்குல போடாதீங்க, அதுக்கும் இ-இன்வாய்ஸ் கேப்பாங்க.